டேப்லெட்டுக்கு இந்தப் பக்கம்

பாட்டி திரையைப் பார்க்கவே மாட்டேன் என்றார். மேசையில் மருந்து டப்பாவில் சாய்த்து டேப்லெட்டை நிறுத்தியிருந்தேன். கோவையிலிருந்து டாக்டர், “வணக்கம்மா, உடம்புக்கு என்ன செய்யுது?” என்று கேட்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். டாக்டர் குரலை உயர்த்திக் கேட்டார். பாட்டி இன்னும் கொஞ்சம் திரும்பினார். அந்த முதல் ஆலோசனை ஆறு நிமிடம் நடந்தது. டாக்டர் பார்த்ததெல்லாம் ஒரு கொண்டையைத்தான்.

டாக்டரைப் பார்த்துப் பயம் என்று நினைத்தேன். இல்லை. எங்களோடு வரும் ஆஷா அக்கா அதே காலனிக்காரர், பணியர் என்ற பழங்குடிச் சமூகம். அவர் மெதுவாக விசாரித்துச் சொன்னார்: “ஓரத்துல அவங்க மூஞ்சி தெரியுதாம். அதான் வெக்கம்.” வீடியோவில் நம் முகம் ஒரு சின்னக் கட்டத்தில் தெரியுமே, அது. படித்த நமக்கே அதைப் பார்த்துக்கொண்டு பேசுவது கூச்சம்தான். அடுத்த வாரம் காயத்துக்கு ஒட்டும் பேப்பர் பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து அந்தக் கட்டத்தின்மேல் ஒட்டினேன். பாட்டி நேராக உட்கார்ந்து, முட்டிவலியிலிருந்து மருமகள் வரை பேசி முடித்தார். அன்றிலிருந்து எங்கள் டேப்லெட்டின் வலது மூலையில் எப்போதும் பிளாஸ்டர் இருக்கும்.

நான் செவிலியர். நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை. 2020-இல் ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்றுதான் தொலைமருத்துவத்துக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் வெளிவந்தன. சில வாரத்தில் இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவையில் நோயாளிகள் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதியும் வந்தது. எங்கள் அறக்கட்டளையும் தனியாக ஓர் ஏற்பாடு செய்தது: வியாழன்தோறும் ஒரு காலனிக்கு நானும் ஆஷா அக்காவும் போவோம், சமவெளியில் இருக்கும் ஒரு மருத்துவமனையின் டாக்டர்கள் திரையில் வருவார்கள். ஊரடங்கு போனது, வியாழக்கிழமை நிலைத்துவிட்டது. அதில் கற்றதை, பெரும்பாலும் தப்பு செய்து கற்றதை, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என்று பல சமூகத்தார் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே பத்து வீடு, இருபது வீடாக ஊர்கள். சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் ஊட்டி. கூடலூரிலிருந்தே ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. அதற்கு முன் கூடலூர் வந்து சேர வேண்டும். ஒருவர் ஊட்டி போனால் கூட ஒருவர் போக வேண்டும், அப்படியென்றால் இரண்டு பேர் கூலி போச்சு. “அடுத்த மாசம் வாங்க” என்று டாக்டர் சொல்வது எளிது.

இங்கே மாதாமாதம் வரச் சொல்லும் நோய் ஒன்று உண்டு. மருத்துவமனைச் சீட்டில் அரிவாள் செல் ரத்தசோகை என்று இருக்கும். ஊரில் ‘சிக்கிள்’ என்றால் போதும். வட்டமாக இருக்க வேண்டிய ரத்தச் சிவப்பணு, ஆக்சிஜன் குறைந்தால் அரிவாள் மாதிரி வளைந்து, நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் வலி. எலும்பை முறுக்கிப் பிழிவது மாதிரி என்பார்கள். குளிர், காய்ச்சல், தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் அதைக் கிளப்பிவிடும். தேவாலாவில் ஜூன், ஜூலை மழையைப் பார்த்தவர்களுக்குக் குளிர் என்று நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இந்தியாவில் இந்த நோயின் கூறு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த மரபணு, நோய் அல்ல) முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். லேமன், கட்புஷ் என்ற இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். இதை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது, 2047 இலக்கு. இடைப்பட்ட எழுபது வருடமும் யாரும் எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்கள், அந்தந்தச் சமூகத்துப் பெண்களையே செவிலியராகப் பழக்கி, ஊர் ஊராகப் பார்த்துவந்திருக்கின்றன. நாங்களெல்லாம் அந்த வழியைப் பார்த்து நடக்கிறவர்கள்தான்.

இப்போது என் பெரிய தப்பு.

ஒன்பது வயதுப் பையன். சிக்கிள் நோயாளி என்று எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஒரு வியாழன் மழையில் அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். நெஞ்சு வலி, லேசான இருமல். காய்ச்சல் பெரிதாக இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். 91 காட்டியது. கை ஐஸ் மாதிரி இருந்தது, அதனால் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினேன். 94. ‘ஆ, சரி’ என்று 94-ஐ எழுதினேன். 91-ஐ எழுதவில்லை.

அன்று திரையில் வந்தவர் புது டாக்டர், சின்ன வயது. அந்தப் பக்கம் முறை வைத்து ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. நான் அவசர அவசரமாக “ஒன்பது வயசு, நெஞ்சு வலி, இருமல், சாச்சுரேஷன் 94” என்றேன். சிக்கிள் என்று சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். சொல்லவில்லை, அல்லது சொன்ன நேரத்தில் லைன் கட்டாகியிருந்தது. பையன் அம்மா மடியில் சுருண்டு கிடந்தான்; திரையில் முகம் மட்டும் தெரிந்தது, அதுவும் அமைதியாக. சளிக்கு மருந்தும் பாராசிட்டமாலும் எழுதினார். கொடுத்தனுப்பிவிட்டேன்.

இரவு எட்டு மணிக்கு ஆஷா அக்கா போன் செய்தார். மூச்சு வாங்குகிறது என்றார். ஜீப் பிடித்து, கூடலூர் போய், அங்கிருந்து இரவோடு இரவாக ஊட்டி. சிக்கிள் நோயாளிக்கு நுரையீரலில் வரும் சிக்கல் அது, பெரியவர்களையே கொண்டுபோய்விடும். ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், ரத்தம் ஏற்றினார்கள். ஒன்பது நாள் கழித்துப் பையன் வீடு வந்தான். அந்த ஒன்பது நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு நான் காட்டியதைத்தான் அவர் பார்த்தார். கழுத்துக்குக் கீழே பையனின் நெஞ்சுக்கூடு எப்படி உள்வாங்கியது என்று நான் காட்டவே இல்லை. நானும் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. நேரில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தால் நோயாளி வாசலில் நுழையும்போதே பாதி கண்டுபிடித்திருப்பார். திரையில் அந்தப் பாதி வராது. அதை இந்தப் பக்கம் இருக்கிறவர்தான் எடுத்து நீட்ட வேண்டும்.

அப்புறம் சில பழக்கங்களை மாற்றினோம். லைன் கிடைத்ததும் முதல் வாக்கியமே “சிக்கிள் நோயாளி, டாக்டர்” என்பதுதான். பெயர், வயதெல்லாம் அதற்குப் பின்னால். சிக்கிள் இல்லையென்றால் “சிக்கிள் இல்லை” அல்லது “இன்னும் டெஸ்ட் செய்யவில்லை”. டாக்டர் திருப்பிச் சொல்லும்வரை அடுத்ததற்குப் போக மாட்டேன். டேப்லெட்டை எடுத்து, சட்டையில்லாத நெஞ்சை ஒரு முழு நிமிடம் காட்டுவேன். அந்த ஒரு நிமிடம் நானும் மூச்சை எண்ணுவேன், டாக்டரும் எண்ணுவார். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 30-ஐத் தாண்டினாலே வேகமான மூச்சுதான். அந்தப் பையனை அன்று எண்ணியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆக்சிமீட்டர் விஷயத்தில் இரண்டு. காட்டிய எண் எல்லாவற்றையும் எழுத வேண்டும், பிடித்த எண்ணை மட்டும் அல்ல. அடுத்து, கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இது எங்கள் ஊர்ச் சந்தேகம் இல்லை, ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது. எங்கள் மக்கள் பெரும்பாலும் நல்ல கறுப்பு. அதனால் 94 என்றால் 94 என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு சிக்கிள் நோயாளிக்கும், நன்றாக இருக்கும் நாளில், கையைச் சூடாக்கி, இரண்டு மூன்று தடவை பார்த்து, அவரவருடைய வழக்கமான எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தோம். ரத்த அளவு, மண்ணீரல் எத்தனை விரல் தட்டுப்படுகிறது என்பதும் அங்கேயே. திடீரென்று மண்ணீரல் வீங்கினால் அதுவும் ஆபத்து. சின்னப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு விலாவுக்குக் கீழே இடப்பக்கம் தடவிப் பார்க்கவே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதில் சிலர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனையிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கினோம்: சிக்கிளுக்கு ஒரே டாக்டர். அவர் லீவு என்றால் அந்த வாரம் தொடர் சிகிச்சை தள்ளிப்போகும், பரவாயில்லை. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நம் மக்கள் ஒரு தடவைக்குமேல் கதை சொல்ல மாட்டார்கள்.

வலி மருந்து பற்றித் தெரிந்துகொள்ளாமல் இதில் இறங்காதீர்கள். சிக்கிள் வலி முற்றினால் பாராசிட்டமால் காணாது. ஆனால் நெறிமுறைப்படி போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதக் கூடாது. மார்பின் மட்டுமல்ல, டிரமடாலும் 2018 முதல் அந்தச் சட்டத்தின்கீழ்தான். இது எனக்குத் தெரியாமல் ஒருநாள் டாக்டரிடம் “கொஞ்சம் பலமா ஏதாவது எழுதுங்க டாக்டர்” என்று மல்லுக்கட்டியிருக்கிறேன். அவர் எழுதவே முடியாது. ஆகவே கடும் வலி என்றால் திரையைத் திறந்து நேரம் கடத்தாமல், வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தண்ணீர் குடிக்கவைத்து, வண்டிக்குப் போன் செய்ய வேண்டும். வண்டி வரும்வரை டாக்டரிடம் பேசலாம். சிக்கிள் பிள்ளைக்கு நல்ல காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

மொழியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். பணியர் பேச்சு மலையாளத்துக்குப் பக்கம், காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்குப் பக்கம். எல்லாருக்கும் தமிழ் புரியும் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். புரியும்தான், தோட்டத்தில் மேஸ்திரி போடும் தமிழ் அளவுக்கு. அங்கே எதைச் சொன்னாலும் “சரி” என்றுதான் பழக்கம். “சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும், புரிஞ்சுதா?” “சரி.” “வலி குறைஞ்சிருக்கா?” “சரி.” டாக்டருக்குத் திருப்தி, எழுதிவிட்டு லைனை வைத்துவிடுவார். இப்போது எங்களுக்குள் ஒரு விதி: ஆம், இல்லை என்று முடியும் கேள்வி கேட்பதில்லை. மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, “வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, டாக்டருக்குக் காட்டுங்க” என்போம். ஒரு அண்ணன் காலை, மாலை, இரவு மூன்றையும் உள்ளங்கையில் ஒன்றாகக் கொட்டிக் காட்டினார். அதற்கு முந்தைய நான்கு மாதமும் அவர் “சரி” என்றவர்தான்.

ஆஷா அக்கா மொழிபெயர்ப்பாளர் என்று தொடக்கத்தில் டாக்டர்கள் நினைத்தார்கள். அவர் “இவங்க ராத்திரி தூங்கலை டாக்டர்” என்று தானாகச் சொன்னால், “அவங்களைப் பேச விடுங்க” என்று கடிந்துகொள்வார்கள். அவர் பக்கத்து வீட்டுக்காரர். ராத்திரி முனகல் அவருக்குக் கேட்கும். அது டாக்டருக்குக் கிடைக்கவே கிடைக்காத தகவல்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் என்பதில் சங்கடமும் உண்டு. பெண்கள் வெள்ளைப்படுதல் பற்றி, திரையில் ஆண் டாக்டர் இருந்தாலும் சொல்ல மாட்டார்கள், ஆஷா அக்கா இருந்தாலும் சிலர் சொல்ல மாட்டார்கள். சிக்கிளுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா கருவுற்றிருந்தால் கொடுக்கக் கூடாத மருந்து. எனவே ஒவ்வொரு மாதமும் மாதவிலக்கைக் கேட்டே ஆக வேண்டும். அதைத் திரை திறக்கும் முன், எடை பார்க்கும் சாக்கில் நானே தனியாகக் கேட்டுவிடுவேன்.

ரகசியம் காப்பதில் நான் செய்த இன்னொரு தப்பும் உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவைக் காலனி முற்றத்தில், ஸ்பீக்கரில், சுற்றிலும் இருபது பேர் நிற்க, டாக்டர் சொல்ல விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு நோய் இல்லை, கூறு மட்டும்தான். கூறு உள்ளவர் நோயாளி அல்ல. கூறு உள்ள இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. இதையெல்லாம் டாக்டர் அழகாக விளக்கத்தான் செய்தார். கூட்டத்துக்குக் கேட்டது “சிக்கிள் இருக்கு” என்ற இரண்டு வார்த்தை. அந்தப் பெண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் நின்றது. இப்போது எந்த முடிவையும் திரையில் சொல்ல விடுவதில்லை. நான் வீட்டுக்குப் போய், பெண்ணிடமும் பெண் சொல்லும் ஆளிடமும் மட்டும் சொல்கிறேன்.

கேமராவையே சிலர் விரும்புவதில்லை, நியாயம்தான். சுற்றுலா வருகிறவர்கள் காரை நிறுத்தி, கேட்காமல் போட்டோ எடுத்துப் போகும் ஊர் இது. “இதை எங்கே போடுவே?” என்று ஒரு தாத்தா கேட்டார். டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் எழுதிய தாளைக் காட்டி, படம் பதிவாகாது என்று விளக்கினேன். அவர் டேப்லெட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு வேண்டாம் என்றார். போனில் பேச மட்டும் சம்மதித்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

உண்மையில் முக்கால்வாசி வேலைக்கு வீடியோ வேண்டியதில்லை. சிக்னல் கிடைக்கும் பாறை எது என்று ஊர்ப் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். சில ஊர்களில் போன் கேரள டவரைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் பேசும். நாங்கள் செய்வது: கண் ரெப்பையின் உட்பக்கம், நாக்கு, புண் எல்லாவற்றையும் முதலில் படம் எடுத்து அனுப்பிவிடுவோம், சிக்னல் வரும்போது அது போய்ச் சேரும், அப்புறம் சாதாரணப் போனில் பேசுவோம். சோகையும் காமாலையும் குண்டு பல்பு வெளிச்சத்தில் தெரியாது. வாசலில் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பஞ்சு ஒன்றைப் பிடித்து எடுத்தால், எது மஞ்சள், எது கேமராவின் மஞ்சள் என்று டாக்டர் பிரித்துவிடுவார்.

முதலில் எங்களுக்குத் தந்த செயலியில் ஒவ்வொரு தடவையும் நோயாளியின் போனுக்கு ஓடிபி போகும். வீட்டுக்கு ஒரு போன். அது மகனிடம். மகன் குடகில் இஞ்சி வேலைக்குப் போயிருக்கிறான். இங்கே அம்மா உட்கார்ந்திருக்க, அங்கே இஞ்சிக் காட்டில் நிற்கும் பையனுக்குப் போன் போட்டு, “தம்பி, ஒரு நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லு” என்று கெஞ்ச வேண்டும். அவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஒரு காலை முழுக்க மூன்று பேரைத்தான் பார்க்க முடிந்த நாளில், அறக்கட்டளையில் சண்டை போட்டு அதை எடுக்கவைத்தேன். ஏசி அறையில் உட்கார்ந்து செயலி செய்கிறவர்கள் ஒரு வியாழன் எங்களோடு வரலாம், ஜீப்பில் இடம் இருக்கிறது.

நேரமும் அப்படித்தான். பத்து மணிக்கு முகாம் என்றால் கொழுந்து பறிக்கப் போனவர்கள் வர மாட்டார்கள். ஐந்து மணிக்கு என்றால் திரும்பும்போது வழியில் யானை. மழைக்காலத்தில் மூன்றரை, வெயில் காலத்தில் காலை ஏழு என்று டாக்டரைப் பழக்கினோம். தேன் எடுக்கும் காலத்தில் காட்டுநாயக்கர் ஆண்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். முன்கூட்டியே மருந்தைக் கூடுதலாகக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இது எதற்குப் பயன், எதற்கு இல்லை என்று கேட்டால் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. தெரிந்த நோய்க்கு, தெரிந்த டாக்டரிடம், தொடர் சிகிச்சை: சிக்கிள், பிரஷர், சர்க்கரை, வலிப்பு. இதில் பொன்னான வசதி. இரண்டு பேர் கூலி மிச்சம். புது நோயைக் கண்டுபிடிக்க நம்பாதீர்கள். நிதி தருகிறவர்கள் திரை, கருவி, மென்பொருள் என்றால் உடனே தருகிறார்கள். இரவில் நோயாளியை ஏற்றிப்போகும் ஜீப்புக்கு டீசல் காசு கேட்டால் யோசிக்கிறார்கள். அன்று அந்தப் பையனைக் காப்பாற்றியது டீசல்தான்.

அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறான். ஹாஸ்டலில் போனுக்கு அனுமதி இல்லை. தலைமையாசிரியர் அறையில் மாதம் ஒரு வியாழன் மதியம் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். போன மாதம் அவனே ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டான். மாட்டுவதற்கு முன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துச் சூடாக்கினான். டாக்டர் வாயைத் திறக்கும் முன், “சிக்கிள் நோயாளி, டாக்டர்” என்றான். “எனக்கு எப்பவும் 96. இன்னைக்கு 95. முதல்ல 93 காட்டுச்சு, அதையும் எழுதிக்குங்க.”